இல்லாத பந்தைக் குறிபார்த்தல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நான் மேஜை துடைக்கும் பூல் கிளப்பில், அதாவது மேஜைமேல் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் விழவைக்கும் ஆட்டக் கிளப்பில், ஒரு வேடிக்கை. தோற்றுக்கொண்டே இருந்த ஓர் உறுப்பினருக்குக் குறிபார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். விழவேண்டிய பந்தின் முதுகில், குழிக்கு நேர் எதிர்ப்புறம், இன்னொரு பந்து ஒட்டியிருப்பதாக நினைத்து, அந்த இடத்துக்கே வெள்ளைப் பந்தை அடிக்க வேண்டும். போட்டியில் ஜெயித்துவிட்டார். வழியைக் கேட்டவர்களிடம், "நானே கண்டுபிடிச்சதுதான்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் நான் கோலைத் தொட்டதும் மேலாளர், "துடைக்க வந்தவ துடைச்சாப் போதும்" என்றார். அந்த உறுப்பினர் பக்கத்து மேஜையில் அடுத்த பந்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்.

வருத்தமெல்லாம் இல்லை. நீங்கள் பேசுவதைப் பதிவுசெய்து அனுப்புங்கள். எதைப் பற்றியானாலும் சரி. அம்மா எனக்குச் சுடிதார் தைத்தால், இரண்டு அளவு குறைத்தே தைக்கட்டும். எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்