குறுஞ்செய்தி போகாததால் அழிந்த தேதி

மார்ச் 4

என் விதியைச் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டினேன்: ‘எல்லாப் பகுதிகளும் ஒரே பரிவர்த்தனைக்குள் இயங்க வேண்டும். தனியாக ஒன்றும் தொடங்கலாகாது. ஒன்று தவறினால் அனைத்தும் ரத்து.’ பரிவர்த்தனை என்றால் முழுதாக முடியும், இல்லையேல் நடக்காததாகவே ஆகிவிடும் ஒரு வேலைக்கட்டு. நாங்கள் ஜாவா என்னும் கணினி மொழியில் எழுதிய மருத்துவமனைப் பதிவு மென்பொருளுக்கு இதுவே வேதம். சோதனைப் பிரிவு அம்மையார் — எதையும் நம்பாததால் அவருக்கு ‘சந்தேகம்’ என்று பெயர் — நிமிர்ந்து பார்த்தார். “கல்லுலயே செதுக்கியிருக்கலாம் சார்.”

பாராட்டு என்றே கொண்டேன்.

மார்ச் 9

கடற்கரைப் பயணம் ரத்து. புறப்படும் வேளையில் குடை அகப்படவில்லை. கட்டிய சாப்பாட்டைக் கூடத்திலேயே பிரித்து உண்டோம். “ஒரு குடைக்குப் போய்...” என்று மனைவி தொடங்கினாள்.

குடை காரிலேயே இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 17

இன்று மனைவிக்குக் கண் அறுவை. இடக்கண் மங்கிக்கொண்டே வருகிறது; தள்ளிப்போடக் கூடாதென்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அச்சிட்ட சீட்டை நீட்டினோம். வரவேற்பில் இருந்தவர் திரையைத் துழாவிவிட்டு, “உங்க பேரே இல்லையேம்மா” என்றார்.

நான் கம்பீரமாக முன்வந்தேன். “இந்த சிஸ்டத்தை வடிவமைச்சவனே நான்தான். அப்படி நடக்க வாய்ப்பே இல்ல.”

“அப்போ நீங்களே தேடி எடுத்துக் குடுங்க சார்.”

வரிசையில் எவரோ சிரித்தார். அடுத்த தேதிக்கு இரண்டு மாதமாகுமாம். மனைவி சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 18

கண்டுபிடித்தேன். தேதியை எழுதியவுடன் சீட்டு அச்சாகிறது. அதன்பின் குறுஞ்செய்திப் பகுதி ஓடுகிறது. மனைவியின் பழைய எண்ணுக்குச் செய்தி போகவில்லை. அப்பிழையைப் பிடித்துச் சமாளிக்க நானே வரிகள் எழுதியிருக்கிறேன் — அதில் பெருமை வேறு! ஆனால் ஒரே பரிவர்த்தனை அல்லவா? உள்ளே ஒன்று தவறிய கணமே மொத்தத்தின் தலையிலும் ‘ரத்து’ என்று எழுதியாயிற்று. பிறகு பிடித்தென்ன, கெஞ்சியென்ன? தேதியும் சேர்ந்து அழிந்தது. இவளைப் போல் இன்னும் சிலருக்கும்.

ஒரு குறுஞ்செய்தி போகலன்னு ஒரு கண்ணையே... அடச்சே, நீயெல்லாம் ஒரு ஆளாடா?

மார்ச் 19

விதியைச் சுவரிலிருந்து இறக்கினேன். குறுஞ்செய்திக்கு இனித் தனிப் பரிவர்த்தனை. விழுந்தால் அது மட்டும் விழும். ‘சந்தேகம்’ வேண்டுமென்றே தவறான எண்ணை இட்டுப் பார்த்தார். தேதி அசையவில்லை. “அந்த ஃபிரேமை நான் எடுத்துக்கவா சார்? எங்க வீட்டு நாய் படத்துக்கு அளவா இருக்கும்.”

கொடுத்துவிட்டேன்.

விடுபட்டவர்களை மருத்துவமனையே அழைத்து வேறு தேதி தரும்படி, குற்றம் என்னுடையதென்று எழுதி அனுப்பினேன். மாலையில் மனைவிக்குப் படம் வரைந்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அன்னைக்குக் குடை மாதிரின்னு சொல்லுங்க.”

“ஆமாம்.”

“அது கார்லதான் கெடந்துச்சு. எனக்குத் தெரியும்.”

மார்ச் 27

விடுபட்டவர்களுக்கென்று இன்று கூடுதல் அறுவைகள். அவளுக்கும் இடம் கிடைத்தது. பாதி வழியில், அவளுக்கென எடுத்துவைத்த வெந்நீர்க் குடுவை சமையலறையிலேயே நிற்பது நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்ப, கை தானாகவே இண்டிகேட்டர் விளக்கைப் போட்டது. அவள் என்னைப் பார்த்தாள்.

விளக்கை அணைத்தேன். நேரே போனோம்.