அப்பாவின்ர பேரில ஒரு விருது

கிங்ஸ்பரி, லண்டன்
12.07.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட பிறஷர் இப்ப எப்பிடி? குளிசையை நேரத்துக்குப் போடுங்கோ. நான் சுகமாய் இருக்கிறன்.

ஒரு புதினம். நல்லாய்ப் படிப்பிக்கிறன் எண்டு பல்கலைக்கழகத்தில எனக்கு ஒரு விருது தந்தவை. அப்பாவின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் அண்டைக்குத்தான். விசா சரிவராமல் செத்தவீட்டுக்கு வர ஏலாத நான், கோட்டுப் போட்டுக்கொண்டு மண்டபத்தில இருந்தனான்.

மேடையில "டொக்டர் அருளம்பலம்" எண்டு கூப்பிட்டினம். ஊரில என்ர பேருக்கு முன்னால அப்பா ஒரு எழுத்து. இஞ்சை அவர்தான் முழுப்பேர், நான்தான் ஒரு எழுத்து. ஏழு வருசமாய்ப் பழகின பேர்தான், எண்டாலும் நான் எழும்பேல்லை. அப்பா வாறாரோ எண்டு திரும்பிப் பாத்தனான். பக்கத்தில இருந்தவர் தோளில தட்டின பிறகுதான் எழும்பினன். எல்லாரும் சிரிச்சினம், நானும் சிரிச்சன்.

ஆரும் கொழும்பால இஞ்சை வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூள் குடுத்து விடுங்கோ. அப்பாவின்ர படம் ஒண்டும் வேணும். மாலை போடாத படமாய்ப் பாத்து அனுப்புங்கோ. நான் அவரை மாலையோட காணேல்லைத்தானே.

வகுப்புக்கு நேரமாச்சு, போறன் அம்மா.

உங்கட மகன்,
அ. குகதாசன்