பூமாரிக்கு நான் எழுதிய இங்கிலீஷ்

12.3.2012, திங்கள்
கோபத்தில் நிதானம் தவறுவதற்கு இங்கிலீஷில் இருக்கும் கொச்சைகளை டைரியின் பின்பக்கத்தில் சேர்த்துவருகிறேன். எல்லாம் மேனேஜரின் மெயில்களில் பொறுக்கியவை. ‘ப்ளூ எ ஃப்யூஸ்’, ‘ஹிட் த ரூஃப்’ — இன்றோடு பதினேழு. வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரையைத் தவிர வேறென்ன சேர்த்தேன்? ஃபேக்டரியில் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் ‘இங்கிலீஷ் ஆபிரகாம்’ என்றால் தனி மரியாதை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

14.3.2012
அசெம்பிளி லைனில் கலாட்டா. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் பூமாரி, டிரெய்னி. பாத்ரூம் போக ஆள் மாற்றிவிடச் சொல்லி இரண்டு மணி நேரம் கேட்டிருக்கிறாள். சூப்பர்வைசர் வில்சன் விடவில்லை. கையுறையை மேசையில் எறிந்துவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள். ரிப்போர்ட் வழக்கம்போல நான். பதினெட்டாவது வார்த்தை சூடாகக் கையில் இருந்தது: ‘வென்ட் பெர்சர்க்’. போட்டுவிட்டேன். வில்சன் படித்துவிட்டு, “செமயா கீது சார்” என்றான். அதற்கு டீ வேறு வாங்கிக்கொடுத்தேன்.

15.3.2012
கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் இருந்ததாம். கண்டவர்கள் சொன்னார்கள்.

19.3.2012
தலைமை அலுவலகம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. வெறிபிடித்து ஆட்களைத் தாக்கினாள் என்று அர்த்தமாம். அகராதியைப் பார்த்தேன். வெறி என்றுதான் இருக்கிறது. எழுதுமுன் பார்த்தால் என்ன, கை வலிக்குமா? பூமாரியைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வியாழன் விசாரணை.
கம்பெனி பஸ் பக்கம் வந்தாள். “நான் யாரையும் அடிக்கலையே சார். என்னத்த எழுதுனிய?”
வில்சன் சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன். பொய்.

20.3.2012
லூர்து மேரியிடம் சொன்னேன். “பதினெட்டு தெரிஞ்சு வச்சிகினு கீற. தப்பு என்னுதுன்னு சொல்ல வாய் வரலியா?” என்றாள். கட்டிய மனைவி.

22.3.2012
விசாரணையில் சொல்லிவிட்டேன். வார்த்தை என்னுடையது, அவள் எறிந்தது கையுறை மட்டும் என்று. எழுதியதை மாற்ற முடியாது என்றார் தலைமை அலுவலகத்துக்காரர். அப்புறம் — மேசையைத் தட்டினேன். “ரெண்டு மணி நேரம் அடக்கிகினு நீ நின்னு பாருய்யா.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அழுகை வந்துவிட்டது. பூமாரிதான் தண்ணீர் கொடுத்தாள். கடைசியில் அவர் அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டார்.

26.3.2012
பூமாரிக்கு நாளையிலிருந்து மறுபடி வேலை. எனக்கு மெமோ. ரிப்போர்ட் எழுதும் வேலை இனி பக்கத்து நாற்காலி சில்வியாவுக்கு. முதல் ரிப்போர்ட்டே என்னைப் பற்றி. நல்ல வார்த்தை ஏதாவது போடட்டுமா சார் என்று கேட்டாள். பின்பக்கத்தைப் புரட்டினேன். பதினெட்டில் ஒன்றையும் எனக்குப் போட மனம் வரவில்லை. அவள் எழுதியிருந்தது மூன்று சின்ன வாக்கியம்: சத்தமாகப் பேசினார். மேசையை ஒருமுறை தட்டினார். அழுதார்.
‘இரண்டு முறை’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.