லபுகம ஏற்றம்

ஜூன் 19, ஞாயிறு

இன்று ஏற்றத்தில் நான் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினேன். என் மனுசியிடம் செயின் கழன்றதென்று சொல்லிவிட்டேன்.

டீசல் இல்லாமல் கொழும்பில் பஸ் ஓடுவதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு இனிச் சைக்கிளில்தான் வேலைக்குப் போவேன் என்று பிடிவாதமாக நின்றாள். “முதலில் லபுகம ஏற்றத்தைக் கால் ஊன்றாமல் ஏறிக் காட்டு, பிறகு போ” என்றது என் வாய்தான்.

காட்டு ரோட்டில் ஒரு வாகனமும் இல்லை. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. “அம்புலன்ஸுக்குச் சொல்லவா?” என்று கேட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரே மூச்சாக உச்சிக்கு ஏறிவிட்டாள்.

பிந்தி வந்த என்னைப் பார்த்து, “என்னப்பா, செயினுக்கும் வயசு போட்டுதோ?” என்றாள்.

“நாளைக்கே வேலைக்குப் போ” என்றேன்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு அவள் முன்னால் போன வடிவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வளைவில் ரோடு திரும்பியது. நான் திரும்பவில்லை. ரோட்டோரக் கானுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது.