முன்னங்காலில் அரை விரல்

பிப்ரவரி 3

சாப்பாட்டு மேஜை வந்து இறங்கிவிட்டது. நாற்காலி இல்லை. எட்டுப் பேர் உட்காரும் மேஜையைச் சுற்றி நானும் மகளும் நின்றுகொண்டே டீ குடித்தோம். கடையிலிருந்து எட்டு நாற்காலி எடுத்து வரச் சொல்கிறேன் என்றேன். வீட்டுச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறவள் வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமா? பக்கெட்டிலிருந்து நாற்காலிக் காலில் மாட்டும் ரப்பர் புஷ் வரைக்கும் என் குடோனில் இருக்கிறது.

"பிளாஸ்டிக்கா? இது வீடும்மா. மண்டபம் இல்ல."

"மண்டபத்துல உக்கார்றவனும் மனுஷன்தான்."

"பழைய மர நாற்காலி வாங்குவோம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கட்டும்."

ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும் என்றேன். சிரிக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து மெதுவாக விஷயத்தை எடுத்தாள். அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் பேச வருகிற அன்று பெரியப்பாவையும் கூப்பிடப் போகிறாளாம்.

என் மூத்தாரை. செத்துப்போன என் புருஷனின் கூடப் பிறந்த அண்ணனை. என் வீட்டு வாசல் வழியாக.

பிப்ரவரி 4

தூக்கம் இல்லை. எழுதினாலாவது ஆறுகிறதா பார்ப்போம்.

புருஷன் போன பிறகு, அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய கடையில் எனக்கு ஒரு இடம் கேட்டு அந்த ஆள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சுவரோரமாக வரிசையாக நாற்காலிகள். அவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரு என்று ஒரு வார்த்தை இல்லை. கைக்குழந்தை இடுப்பில். வலது இடுப்பு வலித்தால் இடது, இடது வலித்தால் வலது. கடைசிப் பக்கம் வரைக்கும் படித்து மடித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "உனக்கு யாவாரம் என்ன தெரியும்? போய்ப் பிள்ளைய வளர்க்கிற வழியப் பாரு."

பிள்ளையையும் வளர்த்தேன், வியாபாரத்தையும் வளர்த்தேன். பக்கெட்டை அடுக்கித் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றபோது அந்த ஆள் கடை வாசலைத் தாண்டித்தான் தினமும் போனேன். வேண்டுமென்றேதான் போனேன்.

மகள் அவர் வீட்டுக்கு ஒரு வருஷமாகப் போய் வருகிறாளாம். எனக்குத் தெரியாமல். இன்றைக்குத்தான் சொன்னாள்.

"அவர் செஞ்சது தப்புதான். நான் இல்லேங்கல. ஆனா அப்பா சின்ன வயசுல எப்படி இருந்தார்னு சொல்றதுக்கு அவரை விட்டா யாரு இருக்கா? நீயா சொல்லுவ?"

நான் புருஷனோடு வாழ்ந்ததே கொஞ்ச காலம். எதைச் சொல்வேன்?

"கூப்பிட்டுக்கோ" என்றேன். அவள் விடவில்லை. "வந்த இடத்துல அவரை அவமானப்படுத்தின, கல்யாணம் அவர் வீட்டுல நடக்கும். நான் சொன்னா செய்வேன்."

செய்வாள். வளர்த்தவளுக்குத் தெரியாதா?

பிப்ரவரி 9

பழைய சாமான் கடைக்கு அவளோடு போனேன். கடைக்காரருக்குத் தூசி என்று பெயர் வைத்திருக்கிறேன். கடை முழுக்க அதுதான். துடைக்க ஆள் இல்லையா என்றேன்.

"தொடச்சா விலை கொறஞ்சிடும்மா."

என் கடையில் ஒரு பக்கெட்டில் தூசி தெரிந்தால் அன்றைக்குப் பையன்களுக்குப் பூஜைதான். இங்கே தூசிக்கே விலை. இது வியாபாரமா, கண்கட்டா?

இருந்தாலும் சரக்கு பார்க்கத் தெரியாதவள் இல்லை நான். ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். நாற்காலிக் கால்களுக்கு நடுவே, உட்காருகிறவன் கால் வைத்துத் தேய்ந்த குறுக்குக் கட்டை உண்மையாகவே பழசென்றால் ஒரு பக்கம்தான் அதிகம் குழிந்திருக்கும். எந்த மனுஷனும் இரண்டு காலையும் சமமாக வைப்பதில்லை. "நூறு வருஷம்" என்று அவர் காட்டிய பிரம்பு நாற்காலி இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் தேய்ந்திருந்தது.

"இதுல உக்காந்தவன் பொம்மையா?" என்றேன்.

தூசி முகம் சுருங்கிவிட்டது. நல்ல நாள் எனக்கு.

மகள் கவிழ்த்துப் பார்க்க மாட்டாள். உட்கார்ந்து பார்ப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, முதுகைச் சாய்த்து, பஸ்ஸில் தூங்குகிறவள் மாதிரி. என் கடை ஆபீஸ் அறையிலேயே வளர்ந்தவள். நாற்காலியோடு அவளுக்கு ஒரு பேச்சுவார்த்தை உண்டு.

மூன்று தேறியது.

பிப்ரவரி 16

இன்னும் நான்கு. கூடவே கை வைத்த ஒரு நாற்காலி. ஈட்டி மரம், கருகருவென்று, முதுகு உயரமாக, கைப்பிடி முனை உள்ளங்கைக்கு அளவெடுத்தது போல் உருண்டு. கவிழ்த்தேன். ஒரு குறை இல்லை. தூசியை எவ்வளவு திட்டினாலும் விலையை இறக்க மாட்டேன் என்று நின்றதே அதற்கு அத்தாட்சி.

மகள் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"இது பெரியப்பாவுக்கு" என்றாள். என் முகத்தையே பார்த்தாள். சண்டைக்குத் தயாராக இருந்தாள்.

"சரி" என்றேன்.

அவளுக்கு ஆச்சரியம். எனக்கு அதைவிட.

பிப்ரவரி 17

சரி என்றுதானே சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லையே.

பிப்ரவரி 20

மகள் வேலைக்குப் போனதும் தச்சரை வரவழைத்தேன். ரம்பம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கையில் இருப்பதும் அதுதான், வாயும் அதுதான்.

என் ஆபீஸ் மேஜைக்கு எதிரே, விலை பேச வரும் கம்பெனி ஆட்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். முன்னங்கால் இரண்டையும் அரை விரல் சீவிக் கொடுத்தது இந்த ரம்பம்தான். பார்த்தால் தெரியாது. உட்கார்ந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்குவான். பின்னால் தள்ளி உட்காருவான். திரும்ப வழுக்குவான். என்ன கோளாறு என்று அவனுக்கும் புரியாது. எழுந்தால் போதும் என்று ஆகி, நான் சொன்ன விலைக்கு வந்துவிடுவான். என் வியாபாரத்தில் பாதியைப் பேசி முடித்தது அந்த நாற்காலி.

"அதே மாதிரி இதுக்கும்" என்று ஈட்டி மர நாற்காலியைக் காட்டினேன்.

"அக்கா, வேணாம்க்கா. இந்த மரம் இனிமே கிடைக்காது. கை வைக்கவே கூசுது."

"கூசுற கையில கூலி வாங்க மாட்டியா?"

"பாவம்க்கா."

"அந்தப் பாவத்த என் பேர்ல எழுதிக்க. நீ அறு."

வேலை முடிகிறவரை புலம்பிக்கொண்டே அறுத்தார். வெட்டின முனையில் வெள்ளை தெரிந்தது. கறுப்பு ஷூ பாலிஷ் தேய்த்து மறைத்தார். எட்டு நாற்காலியையும் மேஜையைச் சுற்றிப் போட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இல்லை. அழகாகத்தான் இருந்தது. அது வேறு எரிச்சல்.

மார்ச் 2

மகள் புது வெல்வெட் மெத்தை தைத்து அந்த நாற்காலியில் போட்டிருக்கிறாள். பெரியப்பா வரும்வரை அதில் யாரும் உட்காரக் கூடாதாம். இன்னும் நன்றாக வழுக்கும். நான் ஏன் தடுக்கப் போகிறேன்?

மார்ச் 8

வந்துவிட்டுப் போனார்கள். எல்லாரும்.

மூத்தார் கைத்தடியோடு வந்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர். எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை; கூப்பிடவேயில்லை. "உக்காருங்க" என்றேன். கூடம் முழுக்கக் கேட்கும்படி. இந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை வருஷம் வாயில் வைத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

சுற்றிலும் பார்த்தார். "இவ்ளோ பெரிய வீடு கட்டிட்டு நாற்காலி மட்டும் பழசா? காசு மேஜையோட தீந்துபோச்சாம்மா?"

மாப்பிள்ளையின் அப்பா கடகடவென்று சிரித்தார். வயசானாலும் வாய் குறையவில்லை ஆளுக்கு.

"பழசா இருந்தாலும் வீட்டுக்குள்ள சேத்துக்கிறதுதானே மரியாதை" என்றேன். சிரிப்பு நின்றது. மகள் என்னைப் பார்த்த பார்வை — பரவாயில்லை, அது அவமானம் இல்லை, பதில்.

உட்கார்ந்தார். வழுக்க ஆரம்பித்தார். கைப்பிடியை ஊன்றிப் பின்னால் போனார். திரும்ப வந்தார். மாப்பிள்ளையின் அப்பா ஏதோ கேட்கிறார். பாதியில் நிறுத்தி மறுபடி ஊன்றுகிறார். மூன்றாவது தடவைக்குப் பேச்சே நின்றுவிட்டது. ஊரையே நிற்க வைத்துப் பேசின மனுஷன்.

இனித்தது. இந்த நோட்டிலாவது பொய் எழுத மாட்டேன்.

பிறகு மகள் பக்கம் குனிந்து சின்னக் குரலில் சொன்னார். "இடுப்பு நிக்க மாட்டேங்குதும்மா. வயசாயிடுச்சு. நீயே பேசி முடிச்சுக்க." தன் உடம்பைத்தான் குற்றம் சொன்னார். நாற்காலியை இல்லை. கம்பெனி ஆட்களும் அப்படித்தான், ஒருத்தனும் நாற்காலியைச் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் அவர்கள் யாரும் மண்டையைத் தொங்கப்போட்டது இல்லை.

மகள் எழுந்தாள். "இங்க வாங்க பெரியப்பா, இது இன்னும் வாகா இருக்கும்." தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் எழுந்த ஈட்டி மர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கண்ணை மூடினாள். வழுக்கினாள். திறந்தாள். நேராக என்னைப் பார்த்தாள்.

அய்யோ. ஸ்கூல் விட்டு வந்து என் ஆபீஸில் எதில் உட்கார்ந்து பாடம் எழுதினாள்? எதில் சறுக்கிச் சறுக்கி விளையாடினாள்? எத்தனை தடவை "இறங்குடி, ஆள் வர்றாங்க" என்று விரட்டியிருக்கிறேன்? இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? சரக்கைக் கவிழ்த்து நாலு பக்கமும் பார்க்கிறவள் — இதைப் பார்க்கவில்லை.

பேச்சு முடிகிறவரை அவள் அதிலேயே இருந்தாள். வழுக்குவதும் தள்ளி உட்காருவதுமாக. கல்யாணத் தேதி குறித்தாயிற்று. எல்லோரும் போனபின் கதவைச் சாத்தினாள்.

"கண்ணக் கட்டிவிட்டாலும் எனக்கு அந்தச் சறுக்கல் தெரியும்மா."

நான் டீ டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கினேன்.

"அவர் உக்காருன்னு சொல்லல. நீ உக்காருன்னு சொல்லிட்டு இதச் செஞ்ச. எது மோசம்?"

"நான் நின்னேன்டி. நீ என் இடுப்புல இருந்த. உனக்கு வலிச்சிருக்காது."

"அதுக்குன்னு?"

"அதுக்குத்தான்."

வெல்வெட் மெத்தையைத் தட்டி நேராகப் போட்டாள். "அவர்கிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். வயசாயிடுச்சுன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். அது உன் மானத்துக்காக." போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் மானத்தைக் காப்பாற்ற இவள் யார்? யார் கேட்டது?

மார்ச் 9

கல்யாணம் அவர் வீட்டில். சொன்னாள், செய்துவிட்டாள்.

மார்ச் 15

ரம்பம் வந்தார். நடந்ததை எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறார். காலில் துண்டு ஒட்டித் தரட்டுமா என்றார். ஒட்டினால் நான் செய்தது தப்பென்று ஆகிவிடும். போய்யா என்று துரத்தினேன்.

ஏப்ரல் 27

கல்யாணம். அதே கூடம். சுவர்கூட அதே நிறம்.

எனக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் என் கடை ஸ்டிக்கர். சுற்றிச் சுற்றி என் சரக்கிலேயே என்னை உட்காரச் சொல்கிறார்கள். மூத்தார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எனக்காகவே வந்தார்.

"உக்காரும்மா."

வந்துவிட்டது அந்த வார்த்தை. இவ்வளவுதானா? இதற்காகவா?

"இருக்கட்டும், நிக்கிறேன்" என்றேன்.

கடைசி வரைக்கும் நின்றேன். கால் மரத்துப்போனது. மகள் மேடையிலிருந்து பார்த்தாள். போட்டோவில் எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் கம்பம் மாதிரி விழுந்திருப்பேன். விழட்டும்.

ஏப்ரல் 29

சாமான் எடுக்க மாப்பிள்ளையோடு வந்தாள். பாத்திரம், பீரோ, எதைக் காட்டினாலும் "வேணாம்மா". ஈட்டி மர நாற்காலியை மட்டும் கேட்டாள். மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு போனார், பாவம், என்ன சுமக்கிறோம் என்று தெரியாமல்.

மேஜையைச் சுற்றி இப்போது ஏழு. நான் ஒருத்தி.

மே 18

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. தூசியின் கடைப்பக்கம் போனேன். "அந்த ஈட்டி மர நாற்காலி சௌக்கியமா?" என்றார். உங்க வேலையைப் பாருங்க என்று வந்துவிட்டேன்.

ஜூன் 14

கூப்பிட்டாள். போனேன்.

சின்ன வீடு, மூன்றாவது மாடி, படி ஏற மூச்சு வாங்கியது. கூடத்தில் சோபா இருந்தது, ஸ்டூல் இருந்தது. அவள் உள்ளே போய் அதை இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டாள். அதே வெல்வெட் மெத்தை.

"உக்காரும்மா."

காலைப் பார்த்தேன். ஷூ பாலிஷ் கொஞ்சம் உதிர்ந்து வெள்ளை தெரிந்தது. அப்படியே வைத்திருக்கிறாள். ஒட்டவில்லை, மறைக்கவில்லை.

உட்கார்ந்தேன். வேறு யார் வீடாக இருந்தாலும் திரும்பி நடந்திருப்பேன். வழுக்காமல் உட்காரும் வித்தை எனக்குத் தெரியும்: குதிகாலைத் தரையில் அழுத்த வேண்டும், தொடையை இறுக்க வேண்டும், பேசும்போது மூச்சை விட்டுவிடக் கூடாது. டீ கொடுத்தாள். மாப்பிள்ளை வேலையைப் பற்றிச் சொன்னாள். பெரியப்பாவுக்கு முட்டியில் ஊசி போட்டதைச் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் என் காலையே பார்த்தாள். முட்டி நடுங்கியது. காட்டவில்லை.

"வலிக்குதா?"

"இல்லியே."

கம்பெனி ஆட்கள் தாங்குவதைவிட அதிகமாகத் தாங்கினேன். விலை மட்டும் இறங்கவில்லை, இரண்டு பக்கமும். எழுந்தபோது "இன்னும் கொஞ்சம் இரேன்" என்றாள். கேலியா, நிஜமா? அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. என்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

ஜூன் 15

கடையில் ரப்பர் புஷ் டப்பாவைக் கவிழ்த்து, தடித்த அடியில், ஈட்டி மரக்காலுக்குப் பொருந்துகிற அளவில் இரண்டு பொறுக்கினேன். முன்னங்காலில் மாட்டினால் அரை விரல் சரியாக ஏறிவிடும். கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கேட்டால் கொடுப்பேன்.

ஜூலை 6

போனேன். அதே நாற்காலி, அதே ஜன்னல். போன தடவையைவிட அதிக நேரம் உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறாள்.

புஷ் கைப்பையில்தான் இருக்கிறது. அவள் கேட்கவில்லை.