அரமனைன்னு எழுதின கடுதாசி

ஆவணி 3, திங்கள்
விடியக்காலை மழை. ஒழுகுற எடத்துல சட்டி வச்சாச்சு.

மாயாண்டி கடுதாசியோட வந்தான். என்கூட தண்டவாள வேலை, பக்கத்து அறை. ஊர்லேர்ந்து அவன் பொண்டாட்டி பேச்சி ஆள வச்சு எழுதினது. படிச்சுச் சொன்னேன். "ஆடு ரெண்டையும் வித்தாச்சு. கப்பல் ஏறுறேன். அந்த வீட்டுலயே நானும் வந்து இருக்கேன்."

"எந்த வீடுண்ணே?"

மாசி மாசம் அவளுக்குப் போன கடுதாசி, இவனுக்காக நான் எழுதினது. பள்ளிக்கூடம் போனதில்ல, எழுத்து பஜனை மடத்துல பாத்துப் பழகினது. அவன் சொன்னது "சௌக்கியம்னு போடுங்க", அவ்வளவுதான். வெறும் சௌக்கியத்த எப்படிக் கப்பல்ல அனுப்புறது. வீடு அரமனைன்னு போட்டேன். கொழாயத் திருகினா பாலாறு. தொரை மாயாண்டியக் கேக்காம ரயில விடமாட்டாரு.

ஊர்ல ராசா கதை எத்தன சொல்லியிருக்கேன். அந்த ராசா வீட்டுக்கு ஒருத்தரும் மூட்டை கட்டினதில்ல. இவ கட்டிட்டா.

ஆவணி 4, செவ்வாய்
வெயில். ஸ்டோர்ல கணக்கு எழுதுற கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், பாட்டெல்லாம் படிச்சவர். விசயத்தச் சொன்னேன். சிரிச்சாரு.

"அரமனை போல எண்டா உவமை. அரமனையே எண்டா உருவகம். தொரை உம்மட ஆளைக் கேட்டு ரயில் விடுறது உயர்வு நவிற்சி. மூண்டும் பாட்டில குற்றமில்லை காணும்."

"கடுதாசியிலங்க?"

"கடுதாசியில பொய்."

பேரு தெரியாமலே இத்தன வருசம் செஞ்சிருக்கேன். மறக்காம இருக்க:
உவமை – போல வரும்.
உருவகம் – போல போயிடும்.
உ.ந. – அளவு மீறுறது.
மோனை – மொத எழுத்து ஒத்து வரும். மாயாண்டி, மம்பட்டி. இது சுளுவு.
வாங்க: மண்ணெண்ணெய், பொயலை, நெத்திலி.

சாயங்காலம் மாயாண்டி: "பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவாளாண்ணே?" அஞ்சு வருசம் தனியா இருந்தவன். நான் பொயலை கிள்ளிக்கிட்டிருந்தேன்.

ஆவணி 12, புதன்
மூட்டம். கப்பல் ஆளுங்கள நோய்க்குப் பயந்து கொட்டகையில அடைச்சு வச்சிருந்தாங்க, இன்னைக்கு விட்டாங்க. கூட்டியார கிள்ளான் துறைமுகத்துக்கு மாயாண்டியோட நானும் போனேன். எழுதின கை, போகாம முடியல. ரயில்ல வர்றப்ப பேச்சி ரப்பர் மரத்த எண்ணிக்கிட்டே வந்தா. எண்ணூறுல விட்டுட்டா.

அறையப் பாத்தா. சாக்குத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் நாலு பேரு, இருமல்.

"இதுதான் அரமனையா?"

மாயாண்டி என்னைப் பாத்தான்.

"அது உருவகம் ஆத்தா. போலங்கிறது மறஞ்சு..."

"உருவகத்த ஒலையில போட்டா வேகுமாண்ணே?"

தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. "தொரைய எங்க காணோம்? ரயில விடலாமான்னு கேக்க வரலியா?" ஒருத்தன் கொரலு. கடுதாசி விசயம் அங்கயும் போயிருக்கு. சிரிக்காதது மாயாண்டி மட்டும். கிராணி ஐயா சொன்னத அவகிட்ட சொல்லியிருக்கக் கூடாது.

பேச்சி மூட்டைய அவுக்கல.

ஆவணி 14, வெள்ளி
வெயில். காலு வலி. திரும்புற கப்பல் செவ்வாக்கெழமைன்னு மாயாண்டி விசாரிச்சு வச்சிருக்கான், அவ கேக்காமலே.

சாயங்காலம் பேச்சி வந்தா. "எங்கம்மாவுக்கு ஒரு கடுதாசி. நான் சொல்றது மட்டும்."

மாயாண்டி வெளிய நின்னான். உள்ள வரல.

"அறை ஒண்ணு. ஆறு வீட்டுக்கு ஒரு கொழா. மழை பேஞ்சா ஒழுகும். அவரு கை காச்சுப் போயிருக்கு."

இரும்பு மாதிரின்னு சேக்கப் போனேன். எழுத்துத் தெரியாதவ, ஆனா கை கூடுதலா ஓடுறதப் பாத்துட்டா. "வேணாம்ண்ணே. காச்சுப் போயிருக்குன்னா போதும்."

எழுதினத அடிச்சுட்டேன்.

"சோறு அவரே வடிச்சாரு. கொழஞ்சு போச்சு. தின்னேன்." முந்தானைய இழுத்துச் சொருகினா. "சூளையில செங்கல் தூக்க ஆளு கேக்குறாங்க. நாளையிலேர்ந்து போறேன். இங்கதான் இருப்பேன். தேட வேணாம்."

எழுதினேன். படிச்சுக் காட்டச் சொன்னா, காட்டினேன். வெளிய மாயாண்டி மூக்கச் சிந்துற சத்தம்.