மிளகுக்காக விதைத்தது

அக்கா,

இன்று காலை பஸ் ரிக்கெற்றுக்காக ஜாக்கெற் பையில் கையை விட்டேன். பனிக்காலம் முழுவதும் அலுமாரியில் தொங்கிய மெல்லிய ஜாக்கெற் அது. ரிக்கெற் அகப்படவில்லை. விரலோடு பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது; பஞ்சின் நுனியில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன விதைகள். டன்டிலயன் விதைகள். உங்கள் புல்வெளிக்கென்று போன வருடம் சேர்த்ததில் மிச்சம். பஸ் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டது. நான் பையை வெளியே இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். நான் வாழைக்காய்ப் பொரியலைப் பரிமாறிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்ல இருந்தது வேறு. அதை இப்போது எழுதுகிறேன். இடையில் நீங்கள் மறித்துப் பேச முடியாது என்பது பெரிய வசதி.

முதல் நாள் உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த அந்த அப்பார்ட்மென்றில் நீங்கள் பன்னிரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. நீங்கள் படித்து, வேலை எடுத்து, எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு வெகுகாலம் முன்பே வந்தவர். நான் அதற்கு அடுத்த வருடம் கையில் ஒரு பையோடு வந்தவள். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. அங்கே ஒரு ரீச்சர் மேற்குப் பக்கம் மாறிப் போகும்போது வகுப்பில் வளர்த்த ஆமையை என்னிடம் தந்துவிட்டுப் போனா. பிள்ளைகள் அதற்கு பெப்பர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அதை மிளகு ஆக்கினேன். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிது. ஓட்டில் கறுப்பும் மஞ்சளும்.

எலிவேற்றரில் என் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தீர்கள்.

"உது என்ன, ஆமையோ? எங்கட வீட்டையும் ஒண்டு நிக்குது. டியூக் எண்டு பேர். நீர் என்ன சாப்பாடு குடுக்கிறீர்?"

"சோறு குடுக்கிறன். லெற்றஸும் வாங்கிறனான்."

"சோறோ? ஆமைக்குச் சோறு குடுத்துக் கொல்லப் போறீரோ, பிள்ளை? உவைக்குக் களைதான் சாப்பாடு. பின்னேரம் மேல வாரும், காட்டுறன்."

கொல்வது பற்றி அன்றைக்கு நீங்கள் எனக்குப் பாடம் எடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

பின்னேரம் வந்தேன். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தை விரித்து, படங்களில் விரல் வைத்துக் காட்டினீர்கள். டன்டிலயன் இலையும் மஞ்சள் பூவும் முதல் தரம். நடைபாதை ஓரத்தில் மிதிபட்டுக் கிடக்கும் அகல இலைப் பூண்டு நல்லது. குளோவர் கொஞ்சமாக. உங்கள் வீட்டு ஜன்னலடியில் ஒரு செவ்வரத்தைச் சட்டி இருந்தது. அதில் ஒரு பூவைப் பறித்து மிளகின் முன்னால் வைத்தீர்கள். அது கழுத்தை நீட்டி, சிவப்பு இதழை ஒரே கடியில் இழுத்து, வாயெல்லாம் சிவப்பாக நின்றது. நீங்கள் கைகொட்டிச் சிரித்தீர்கள். வெளியில் கண்டால் அளந்து பேசுகிறவர், அன்றைக்குக் கம்பளத்தில் குப்புறப் படுத்து ஆமையோடு கதைத்தீர்கள்.

கட்டடத்தின் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கும் வேலிக்கும் நடுவில், ஒடுங்கலாக ஒரு கீலம் மண் சும்மா கிடந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சூப்பரிடம் கையையும் காலையும் ஆட்டிக் கேட்டேன். தோளைக் குலுக்கினான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். ஊரெல்லாம் பிடுங்கி எறிகிற களையை நான் வேரோடு கிண்டிக் கொண்டுவந்து வரிசையாக நட்டேன். களைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று பல்கனிகளில் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். சனிக்கிழமை தோறும் இலைகளைக் கட்டுக் கட்டாக நூலால் கட்டி, பாண் பையில் போட்டு, உங்களிடம் கொண்டுவருவேன். ஒரு கட்டு டியூக்குக்கு, ஒரு கட்டு மிளகுக்கு. நீங்கள் செவ்வரத்தம் பூவும் தேத்தண்ணியும் தருவீர்கள். இரண்டு ஆமைகளும் கம்பளத்தில் மோதிக்கொள்ள, நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். இந்த நாட்டில் எனக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைகள் நல்லவை என்று இன்றைக்கும் சொல்வேன். அதனால்தான் ஆத்திரம் குறையவில்லை.

அடுத்த கோடையில் மண் சத்துக் கெட்டுவிட்டது போல இருந்தது. எங்கள் ஆட்கள் என்ன செய்வோம்? மீன் கழுவின தண்ணியை ஊற்றுவோம். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றி வளர்ந்த கை. ஞாயிற்றுக்கிழமை மீன் வெட்டியதும் வாளியோடு இறங்கிப் போவேன். வெயிலில் அது நாறியிருக்கும், எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் மாடி மூக்குக்கு அது வீட்டு வாசனை.

ஒரு சனிக்கிழமை இலைக் கட்டை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை.

"டியூக்குக்கு வயிறு சரியில்லை, பிள்ளை. கொஞ்ச நாளைக்கு வேண்டாம்."

"அப்ப மிளகுக்கே முழுக்கக் குடுக்கிறன், அக்கா."

நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தீர்கள். "சரி" என்றீர்கள். அந்த ஒரு சொல்லை நான் எத்தனை தரம் திருப்பிக் கேட்டிருப்பேன் தெரியுமா?

அடுத்த கிழமை இலைகள் விறுவிறுவென்று வளர்ந்தன. தண்டுகள் நீண்டு, முறுகி, வளைந்து நின்றன. நான் பூரித்துப்போனேன். மீன் தண்ணி வேலை செய்கிறது என்று என் கணவரிடம் பீற்றிக்கொண்டேன். டியூக்கின் பங்கையும் சேர்த்து மிளகுக்குப் பறித்துப் போட்டேன். அது நம்பித் தின்றது. பத்தாம் நாள் வாயைத் திறக்கவில்லை. வாயில் நுரை வந்தது. இளஞ்சூட்டுத் தண்ணியில் வைத்தேன், செவ்வரத்தம் பூவைக் காட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்து மூடியது. அடுத்த நாள் கழுத்து வெளியே தொங்கிக் கிடந்தது. ஆமை கழுத்தை உள்ளே இழுக்காமல் கிடந்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

புதைக்க இடம் தேடி அந்தக் கீலத்துக்குப் போனேன். எல்லாம் பழுத்துக் கருகியிருந்தது. சூப்பர் வந்தான். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். மெதுவாக, எனக்கு விளங்கும் இங்கிலீஷில் சொன்னான். மீன் நாற்றம் என்று பலர் முறையிட்டார்களாம். களைக்கு மருந்து அடிக்கச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டதாம். அந்த மருந்து களையை முதலில் விறுவிறுவென்று வளர்த்து, முறுக்கித்தான் கொல்லுமாம். மருந்தடிப்பதற்கு ஒரு கிழமைக்கு முன்பே பன்னிரண்டாம் மாடி அம்மாவிடம் சொன்னானாம், உங்கள் ஆளிடம் சொல்லுங்கள், செடிகளை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று. அந்த அம்மா சொல்வதாக ஒத்துக்கொண்டாவாம்.

உங்கள் ஆள் என்றிருக்கிறான். அங்கேதான் உங்களுக்குத் தைத்திருக்கிறது. படித்து வந்த உங்களையும் ஓடி வந்த என்னையும் ஒரே மீன் வாளிக்குள் போட்டுவிட்டான். என்னிடம் வந்து சொல்வதென்றால் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் சொல்லாமல் விட்டீர்கள். டியூக்கின் வயிறு மட்டும் நேரம் பார்த்துக் கெட்டது.

நீங்கள் துக்கம் விசாரிக்க இறங்கி வந்தீர்கள். "ஆமைக்கும் வயசு போயிருக்கும், பிள்ளை" என்றீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள், நானும் இளகிப்போய் மன்னித்திருப்பேன். எனக்கு மன்னிக்க விருப்பமில்லை. அதனால் தேத்தண்ணி போட்டுத் தந்தேன்.

அடுத்த வசந்தத்தில் ரூஜ் ஆற்றுப் பக்கம் புது வீடு வாங்கிப் போனீர்கள். வீட்டுக்கு முன்னால் புல்வெளி. பாய் மாதிரிச் சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்து, ஒரு களை இல்லாமல் வைத்து, செருப்போடு மிதிக்கக்கூட விடமாட்டீர்கள். குடிபூரலுக்கு வடை சுட என்னைக் கூப்பிட்டீர்கள். உங்களுடைய வெள்ளைக்கார அயலவர்கள் வேலிக்கு மேலால் புல்லைப் புகழ்ந்தபோது உங்கள் கழுத்து ஒரு அங்குலம் நீண்டதை நான் குசினி ஜன்னலால் கண்டேன். எனக்கு வழி திறந்துவிட்டது.

அந்த மே மாதம் தொடங்கினேன். பள்ளிக்கூடத்து மைதானத்தில் டன்டிலயன் பஞ்சாகி நிற்கும். இடைவேளையில் போய் உருவி உருவி ஜாக்கெற் பையை நிரப்புவேன். இரண்டு பஸ் மாறி உங்கள் வீட்டுக்கு வருவேன். பலகாரம் சுட, உடுப்புத் தைக்க, டியூக்கைப் பார்க்க என்று ஏதாவது ஒரு சாட்டு. வாசலுக்கு நடக்கும்போது பைக்குள் கையை விட்டு, ஓட்டை வழியாக விழுவது போல விதையை விட்டுக்கொண்டே போவேன். திரும்பும்போது மற்றப் பக்கம். நன்றாகக் காலால் அழுத்திவிடுவேன். களை வளர்க்க எனக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள்தானே. மழைக்கு முதல் நாள் விதைத்தால் பிடிக்கும் என்பதும் உங்கள் பாடம்தான்.

போன வசந்தத்தில் உங்கள் புல்வெளி மஞ்சளாக விடிந்தது. வீதியில் அத்தனை வீடும் பச்சை, உங்கள் வீடு மட்டும் மஞ்சள். பஸ்ஸால் இறங்கி அதைக் கண்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. பொய் சொல்ல மாட்டேன். மிளகு போன பிறகு அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வரவில்லை. நீங்கள் கதவைத் திறந்து, "பாத்தீரே பிள்ளை, எங்கயிருந்து வந்ததோ தெரியேல்லை" என்றீர்கள். "காத்தில வந்திருக்கும், அக்கா" என்றேன். இருவரும் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அயலவர்கள் உங்களோடு பேசுவதைக் குறைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றிரவு நல்ல நித்திரை.

இந்தக் கோடைக்கும் திட்டம் இருந்தது. நீங்கள் மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டீர்கள். எதையும் முன்கூட்டிச் சொல்கிற பழக்கம்தான் உங்களுக்கு இல்லையே.

முப்பத்தோராம் நாள் எல்லோரும் போன பிறகு உங்கள் மகள் சுபா ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே டியூக்.

"அன்ரி, நீங்க இவனை எடுங்கோ. ஐ கான்ற் லுக் ஆஃப்ரர் ஹிம். அம்மா உங்களட்டத்தான் குடுக்கச் சொல்லுறவா."

"எப்ப சொன்னவா?"

"எப்பவும் சொல்லுவா. லோன் புல்லில இருக்கிற டன்டிலயன் எல்லாம் நீங்க போட்டதாம். அப்பா மருந்து வாங்கிக்கொண்டு வந்தவர், அம்மா தூக்கி கார்பேஜ்ல போட்டிட்டா. நெய்பர்ஸ் கொம்ப்ளெயின் பண்ணினதுக்கும் கேக்கேல்லை. ஒவ்வொரு நாளும் தானே போய்ப் பறிச்சு டியூக்குக்குக் குடுப்பா."

என் கை பரிமாறிய எண்ணெயோடு பெட்டியில் ஒட்டிக்கொண்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் வாசலில் நின்று "எங்கயிருந்து வந்ததோ" என்றிருக்கிறீர்கள். நான் பழிக்கு விதைத்ததை நீங்கள் கீரையாகப் பறித்து உங்கள் ஆமையை வளர்த்திருக்கிறீர்கள். இதைத் தண்டனை என்று ஏற்றுக்கொண்டீர்களா, சனிக்கிழமைக் கட்டு திரும்பக் கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டீர்களா, எனக்குத் தெரியாது. ஒன்று தெரியும். வாய் திறந்து ஒரு மன்னிப்புக் கேட்க உங்களுக்கு மூன்று வருடம் இருந்தது. நீங்கள் புல்லைக் காட்டிச் சமாளித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

டியூக்கை எடுத்து வந்தேன். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. பல்கனியில் ஒரு மரப்பெட்டியில் வெயில் காய்கிறது. பஞ்சாங்கம் போல நேரத்துக்கு எழும்பி, நேரத்துக்குச் சாப்பாடு கேட்கிறது.

போன செவ்வாய்க்கிழமை சுபா ரெலிபோன் எடுத்தாள்.

"அன்ரி, அப்பா வீட்டை விக்கப் போறார். நெக்ஸ்ற் தேர்ஸ்டே ஆக்கள் வந்து லோன் புல்லுக்கு மருந்தடிக்கினம். அதுக்குப் பிறகு அங்க ஒண்டும் பறிச்சுப் போடாதேங்கோ. டியூக்குக்குக் கூடாது."

இவ்வளவுதான், அக்கா. எலிவேற்றரில் ஒன்பது மாடி இறங்கி வந்து சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான். பதினெட்டு வயதுப் பிள்ளை, வேலைக்குப் போகிற அவசரத்தில், நின்ற நிலையில் சொல்லிவிட்டாள்.

"ஆர் உமக்குச் சொல்லச் சொன்னது?" என்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லத்தானே வேணும்."

புதன்கிழமை வெறும் தயிர் வாளிகளோடு போய், உங்கள் புல்வெளியிலிருந்து இருபத்திரண்டு செடிகளை வேரோடு கிண்டி எடுத்து வந்தேன். அயலவர் ஒருவர் வேலிக்கு மேலால் நன்றி சொன்னார், களை பிடுங்குகிறேன் என்று நினைத்து. இப்போது அவை என் பல்கனியில் நிற்கின்றன. டியூக் தின்கிறது. மிளகு தின்றிருக்க வேண்டியதையும் சேர்த்துத் தின்கிறது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. இதை உங்களுக்குத் தெளிவாகச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். இன்று பையில் வந்த விதைகளை அள்ளிப் பார்த்தேன், ஒரு பிடி தேறும். எங்கே போடுவது என்று யோசித்தேன். வீடு வேறு ஆட்களுக்குப் போகிறது. உங்களை எரித்துவிட்டார்கள், சாம்பலை ஏரியில் கரைத்துவிட்டார்கள். போய் நின்று விதைக்க உங்கள் பெயரில் ஒரு சாண் மண்கூட இல்லை. அதனால் மறுபடி பைக்குள்ளேயே போட்டுத் தைத்துவிட்டேன்.